உறுதியான கல், உடைந்த அஸ்திவாரம்: கனடாவின் த்ருவா ரிவியேர் வீடுகளுக்கு நடந்தது

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்றியலுக்கும் கியூபெக் நகரத்துக்கும் நடுவழியில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது த்ருவா ரிவியேர். 1634இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த ஊர். பெயருக்கு ‘மூன்று ஆறுகள்’ என்று பொருள். மூன்று ஆறுகள் வந்து சேரும் முக்கூடல் என்று நினைத்துவிட வேண்டாம். செயின்ட் மொரிஸ் என்ற ஒரே ஆறு, பெரிய ஆற்றில் விழும் இடத்தில் தீவுகளால் பிரிந்து மூன்று வாய்களாகத் தெரிகிறது. ஆற்றுவழி வந்தவர்கள் மூன்று என்று எண்ணிவிட்டார்கள். காகித ஆலைகளால் வளர்ந்த இந்த ஊரைக் கட்டுமானத் துறையில் இருப்பவர்கள் இன்று வேறு காரணத்துக்காக அறிவார்கள். 1996க்கும் 2008க்கும் இடையில் இங்கும் சுற்றுவட்டாரத்திலும் கட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கான்கிரீட் அடித்தளங்கள், தமக்குள் கலந்திருந்த ஜல்லியாலேயே வெடித்தன.

சிமெண்டில் கலப்படம் இல்லை. மண் இறங்கவில்லை. நிலம் நடுங்கவில்லை. ஜல்லியும் பொலபொலவென்று உதிரும் மட்டமான கல் அல்ல. தீப்பாறை இனத்தைச் சேர்ந்த, கையில் எடுத்தால் கனக்கும், சுத்தியலால் அடித்தால் கணீரென்று ஒலிக்கும் கருங்கல்.

ஜல்லிச் சோதனை அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில் இந்த நிகழ்வு என்னை விடாமல் உறுத்துகிறது. நான் வழக்கமாகப் பார்க்கும் அறிக்கைப் படிவத்தில் இப்படிப்பட்ட கல் ஒரு கட்டத்திலும் தோற்காது.

நிலவறைச் சுவரில் விழுந்த கோடுகள்

அந்த நாட்டு வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். மேலே எழும்பும் வீடு பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனது. கீழே இருப்பது கான்கிரீட் நிலவறை. குளிர்காலத்தில் நிலம் மேலிருந்து பல அடி ஆழம்வரை உறைந்துபோகும். உறையும் நீர் மண்ணை உப்பவைத்து அஸ்திவாரத்தையே தூக்கிவிடும். ஆகவே உறைபனி எட்டாத ஆழம்வரை தோண்டித்தான் அடித்தளம் போடுவார்கள். அவ்வளவு தோண்டியபின் அந்த இடத்தை வீணாக்குவானேன் என்று அங்கேயே ஒரு தளம் அமைத்துக்கொள்வார்கள். கொதிகலன், துணி துவைக்கும் இயந்திரம், குழந்தைகள் விளையாடும் அறை எல்லாம் அங்கே. சுவரின் வெளிப்பக்கம் ஈர மண், உட்பக்கம் சூடேற்றிய அறை. இந்த ஈரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் ஊற்றி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கோளாறு வெளியே தெரிந்தது. முதலில் முடியிழை போன்ற கோடுகள். பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து, வறண்ட ஏரிப் படுகை பாளம் பாளமாக வெடிப்பதுபோலச் சுவர் முழுவதும் பரவின. வீட்டின் மூலைகளில் விரிசல் அகலமாக வாய் திறந்தது. சில இடங்களில் 10 மில்லிமீட்டருக்கும் மேல். விரிசலின் ஓரங்களில் மஞ்சளும் பழுப்புமாகத் துருக்கறை. சுவர் வளர்ந்துகொண்டிருந்தது என்பதுதான் உண்மை. வளரும் சுவருக்கு மூலையில்தான் ஒதுங்க இடம் கிடைக்கும். அதனால்தான் அங்கே பிளவு பெரிது.

தொடக்கத்தில் பலரும் இதைச் சாதாரண விரிசல் என்றே எடுத்துக்கொண்டார்கள். உறைபனி, சரியாக நீர் ஊற்றிப் பதப்படுத்தாதது, அவசரமாகப் பலகை பிரித்தது என்று கான்கிரீட் விரிசலுக்குக் காரணங்களா இல்லை? பிசின் செலுத்தி அடைத்தார்கள். அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வெடித்தது. இதற்குள் காலமும் ஓடிவிட்டது. கியூபெக்கில் புது வீட்டுக்கான உத்தரவாதத் திட்டம் அடித்தளக் கோளாறுகளுக்கு ஐந்து ஆண்டுகள்வரைதான் பொறுப்பேற்கும். நோய் வெளியே தெரியும் காலமும் உத்தரவாதம் முடியும் காலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், ஒரே தெருவில் முன்னால் கண்டுகொண்டவருக்கு ஈடு கிடைத்தது. கவனிக்காமல் இருந்தவர் கைவிடப்பட்டார்.

சுவரில் துளையிட்டு உருளைத் துண்டு எடுத்துப் பார்த்தபோது வில்லன் யார் என்பது தெரிந்தது. ஜல்லித் துண்டுகளைச் சுற்றித் துரு. துருவுக்கு அடுத்து வெள்ளை மாவு போன்ற படலம். சில கற்கள் உள்ளேயே பிளந்திருந்தன. விரிசல்கள் கல்லிலிருந்து கிளம்பிக் கலவைக்குள் ஓடியிருந்தன.

பாறைக்குழம்புக்குள் கந்தகம்

த்ருவா ரிவியேர் அமர்ந்திருப்பது ஆற்றுச் சமவெளியில். களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும் நிறைந்த தாழ்நிலம் அது. வடக்கே சில பத்துக் கிலோமீட்டர் போனால் நிலம் எழும்பி, கனடியக் கேடயம் என்று புவியியலார் அழைக்கும் பழம்பாறைப் பரப்பு தொடங்குகிறது. அதன் இந்தப் பகுதிக்குக் கிரென்வில் மாகாணம் என்று பெயர். நிர்வாக மாகாணம் அல்ல, பாறைகளின் மாகாணம். ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரிய மலைத்தொடர் ஒன்று எழும்பித் தேய்ந்தது. நாம் இன்று பார்ப்பது அதன் வேர். அந்த விளிம்பில் செயின்ட் போனிஃபாஸ் என்ற சிற்றூர்ப் பக்கம் உள்ள குவாரிகளிலிருந்துதான் சிக்கலான ஜல்லி வந்தது. கட்டட வேலைக்குச் சமவெளிக்காரர்கள் மலையடிவாரத்துக் கல்லைத் தேடிப்போவது உலகெங்கும் உள்ள வழக்கம்.

அந்தக் கல்லைப் பாறையியலார் நோரைட் என்றும் ஹைப்பர்ஸ்தீன் கேப்ரோ என்றும் அழைக்கிறார்கள். இது எப்படி உண்டாகிறது என்பதில்தான் முழுக் கதையும் அடங்கியிருப்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

புவியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகப் பாறை ஓரளவு உருகும்போது, இரும்பும் மக்னீசியமும் மிகுந்த, ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள குழம்பு பிறக்கிறது. அது நிலத்துக்கு மேலே வழிந்தால் சட்டென்று ஆறி, கண்ணுக்குப் புலப்படாத நுண்மணிகளாலான பசால்ட் ஆகிறது. தக்காணப் பீடபூமியின் கரும்பாறை அப்படிப்பட்டது. அதே குழம்பு மேலே வர வழியில்லாமல் நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் தங்கிவிட்டால், மேலே உள்ள பாறை கம்பளிபோலப் போர்த்தியிருக்க, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்து ஆறும். படிகங்கள் நிதானமாகப் பெரிதாக வளரும். பைராக்சீன் என்ற கரிய கனிமமும் பிளாஜியோகிளேஸ் என்ற வெளிர்க் கனிமமும் ஒன்றின் இடுக்கில் ஒன்று நுழைந்து கோத்துக்கொள்ளும். அதுதான் கேப்ரோ. அந்த பைராக்சீன் ஹைப்பர்ஸ்தீன் வகையாக இருந்தால் நோரைட்.

மணற்கல்லில் மணலை ஏதோ ஒரு பசை பிடித்துக்கொண்டிருக்கிறது. பசை போனால் கல் போச்சு. இப்படி ஆழத்தில் ஆறிய தீப்பாறையில் பசையே இல்லை. தச்சன் ஆணியில்லாமல் பொருத்துப் போட்ட சட்டம்போலப் படிகமே படிகத்தைப் பிடித்திருக்கிறது. காற்றுப்பை இல்லை, படலம் படலமாக உரியும் தளம் இல்லை. ஜல்லிக்குத் தீப்பாறை உகந்தது என்று சொல்வதற்கு இதுவே காரணம். கிரஷரில் உடைத்தாலும் கூர்மையான முகங்களோடு விழுந்து சிமெண்டுக் குழைவை நன்றாகக் கவ்விக்கொள்ளும்.

ஆனால் குழம்பில் இந்தக் கனிமங்களாக மாறும் சிலிக்கேட்டுகள் மட்டும் இல்லை, கந்தகமும் இருக்கிறது. இவ்வகைக் குழம்பு தன் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகத்தைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியும். குளிரக் குளிர அந்தத் தாங்கும் திறன் குறையும். வழியில் உள்ள மேலோட்டுப் பாறைகளை விழுங்கி, குழம்பில் சிலிக்கா கூடினாலும் குறையும். தாங்க முடியாமல் போகும் கணத்தில் கந்தகம் இரும்பைச் சேர்த்துக்கொண்டு தனித் திரவமாகப் பிரிகிறது. ரசத்தில் எண்ணெய்ப் பொட்டு திரள்வதைப்போலத்தான். எண்ணெய் மேலே மிதக்கும், இந்தச் சல்பைடுத் துளி கனமானது என்பதால் கீழே இறங்கும். இறங்கும் வழியெல்லாம் குழம்பிலிருந்த நிக்கலையும் செம்பையும் உறிஞ்சிக்கொண்டே போகும்.

துளிகள் எல்லாம் அடியில் ஒன்றுசேர்ந்துவிட்டால் அது சுரங்கக்காரனுக்குப் புதையல். கனடாவின் இன்னொரு மாகாணமான ஒண்டாரியோவில் உள்ள சட்பரி நிக்கல் சுரங்கங்கள் அப்படிச் சேர்ந்த சல்பைடுகளால் ஆனவை. (அங்கே பாறை உருகியது விண்கல் மோதியதால், ஏறத்தாழ 185 கோடி ஆண்டுகளுக்கு முன். அது தனிக் கதை.) துளிகள் சேர்வதற்குள் சுற்றியுள்ள படிகங்கள் வளர்ந்து வழியை அடைத்துவிட்டால், அவை அங்கங்கே சிறைப்பட்டு, பாறை முழுவதும் பொடிப்பொடியாகச் சிதறி நின்றுவிடும். செயின்ட் போனிஃபாஸ் கல்லில் இருந்தது இந்தச் சிதறல். நிக்கல் தேடுபவன் ‘இது போதாது’ என்று விட்டுவிட்டுப் போகும் அளவு, ஜல்லி உடைப்பவனுக்கு மிக அதிகம். இந்த இரண்டு அளவுகோல்களும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பதை இந்த வழக்கைப் படிக்கும்வரை நானும் யோசித்ததில்லை.

சிறைப்பட்ட துளி ஆறும்போது பல சல்பைடுகளாகப் பிரிகிறது. பெரும்பங்கு பிர்ரோட்டைட். கூடவே நிக்கல் கொண்ட பென்ட்லண்டைட், செம்பு கொண்ட சால்கோபைரைட், கொஞ்சம் பைரைட். பிர்ரோட்டைட் என்ற பெயர் தீச்சுடரின் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. புதிதாக உடைந்த முகத்தில் வெண்கல நிறம். பல வகைகள் காந்தத்தில் லேசாக ஒட்டும். இரும்பும் கந்தகமும் ஒன்றுக்கு ஒன்று இருக்க வேண்டிய படிகத்தில் இரும்பு கொஞ்சம் குறைகிறது. அதிகபட்சம் எட்டில் ஒரு இடம் காலி. ஓட்டை உள்ள படிகம் பிடிமானம் இல்லாதது. முட்டாள் தங்கம் என்று எல்லோரும் அறிந்த பைரைட்டைவிட இது 20 முதல் 100 மடங்கு வேகத்தில் ஆக்சிஜனோடு வினைபுரியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு லிட்டர் கனிமம்

மலைக்குள் கிடந்த அத்தனை கோடி ஆண்டுகளும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. காற்று படவில்லை, அவ்வளவுதான். வெடி வைத்துப் பெயர்த்து, தாடைக் கிரஷரில் உடைத்து, சல்லடையில் சலித்து 20 மில்லிமீட்டர் ஜல்லியாக ஆக்கியபோது அந்தச் சிறைகள் திறந்தன. பிறகு அதை ஈரமும் காற்றும் ஊடுருவக்கூடிய கான்கிரீட்டில் போட்டு, ஈர மண்ணுக்குப் பக்கத்தில் சுவராக நிறுத்தினார்கள்.

ஆக்சிஜனும் நீரும் சேர்ந்தால் பிர்ரோட்டைட்டின் இரும்பு துருவாக மாறுகிறது. துரு தான் பிறந்த கனிமத்தைவிட அதிக இடத்தைப் பிடிப்பதால் முதல் நெம்பல் அங்கேயே தொடங்குகிறது. கந்தகம் கந்தக அமிலமாகிறது. கான்கிரீட் காரத்தன்மை மிகுந்தது. அமிலம் அங்கே அமிலமாகவே நீடிக்க முடியாது. சிமெண்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகிறது. ஜிப்சம் சிமெண்டின் அலுமினேட்டுகளோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகமாகிறது. எட்ரிங்கைட்டின் ஒவ்வொரு மூலக்கூற்று அலகும் 32 நீர் மூலக்கூறுகளை வயிற்றில் அடக்கிக்கொள்ளும். புதிதாக ஊற்றிய சிமெண்டில் இது நல்ல பிள்ளை, ஏனென்றால் இடம் கொடுக்கும் ஈரக் குழைவு அப்போது இருக்கிறது. இறுகிய கான்கிரீட்டில் பிறந்தால் சுவரை நெம்பித்தான் இடம் பண்ணிக்கொள்ளும்.

குளிர்ப் பிரதேசத்துக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. கார்பனேட்டும் கூடக் கிடைத்தால், ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே தௌமசைட் என்ற கனிமம் உருவாகும். எட்ரிங்கைட் கான்கிரீட்டைப் பிளக்கும். தௌமசைட்டோ கான்கிரீட்டைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியம் சிலிக்கேட்டையே தின்னும்; மிச்சம் இருப்பது பிடிப்பில்லாத வெள்ளைக் கூழ். த்ருவா ரிவியேர் சுவர்களில் அதுவும் இருந்தது. விரிசல் விழுந்தால் இன்னும் தண்ணீர் வரும், இன்னும் காற்று வரும், அடுத்த கல் விழித்துக்கொள்ளும். இடையில் நிறுத்த ஒரு மருந்தும் இல்லை.

இதற்கு எவ்வளவு பிர்ரோட்டைட் வேண்டும்? பின்னால் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட எல்லை, ஜல்லியின் கன அளவில் 0.23 சதவிகிதம். நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் பெருஞ்ஜல்லி ஏறத்தாழ 400 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.23 சதவிகிதம் என்றால் 0.92 லிட்டர். பிர்ரோட்டைட்டின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 4.6 அளவில் என்பதால் நான்கு கிலோவுக்குச் சற்று மேல். 2,400 கிலோ எடையுள்ள கான்கிரீட்டில் நான்கு கிலோ! ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் அடங்கிவிடும்.

படிவத்தில் இல்லாத கேள்வி

ஜல்லியை நாம் என்னவெல்லாம் செய்து பார்க்கிறோம்? எஃகு உருளைக்குள் போட்டு அழுத்தி நசுக்குகிறோம். இந்திய முறைப்படி அது பத்து நிமிடத்தில் 40 டன் சுமை. சம்மட்டி விழவைத்து எவ்வளவு பொடிகிறது என்று பார்க்கிறோம். லாஸ் ஏஞ்சலிஸ் உருளையில் இரும்புக் குண்டுகளோடு 500 சுற்று சுற்றவைத்துத் தேய்மானத்தை அளக்கிறோம். நீரில் ஊறவைத்து எவ்வளவு குடித்தது என்று நிறுக்கிறோம். தட்டையான கல், நீளமான கல் எத்தனை என்று எண்ணுகிறோம். எல்லாமே கல்லை அடித்துக் கேட்கும் கேள்விகள். நோரைட் இவற்றில் எதற்கும் அசையாது.

வேடிக்கை என்னவென்றால், ஒப்படர்த்திச் சோதனையில் சல்பைடு கல்லுக்கு இன்னும் நல்ல பெயர் வாங்கித்தரும். கனமான கனிமம் கலந்திருந்தால் எண் கூடும். எண் கூடினால் ‘அடர்த்தியான நல்ல கல்’ என்று எழுதிவிடுவோம். சோடியம் சல்பேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்தும் சோதனையும் படிவத்தில் உண்டு. பெயரில் சல்பேட் இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது. அது உறைபனியின் அழுத்தத்தைப் போலிசெய்து பார்ப்பது, கல்லுக்குள் இருக்கும் கந்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கந்தகத்தைக் கேட்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கல்லைப் பொடித்து வேதிமுறையில் மொத்தக் கந்தகத்தை அளப்பது. இது எத்தனை கந்தகம் என்று சொல்லும். அது பைரைட்டிலா பிர்ரோட்டைட்டிலா என்று சொல்லாது. மற்றொன்று நுண்ணோக்கி. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. பாறையியலார் வழக்கமாகக் கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, அடியிலிருந்து ஒளி பாய்ச்சிப் பார்ப்பார்கள். பைராக்சீனும் பிளாஜியோகிளேசும் வண்ணக் கோலமாகத் தெரியும். சல்பைடு ஒளியை விடாது என்பதால் எல்லா வகையும் வெறும் கருப்புப் பொட்டு. மேற்பரப்பைக் கண்ணாடிபோல மெருகிட்டு மேலிருந்து ஒளி பாய்ச்சினால்தான் பைரைட் வெளிர் மஞ்சளாகவும் பிர்ரோட்டைட் இளஞ்சிவப்புக் கலந்த பாலாடை நிறமாகவும் பிரிந்து தெரியும். அந்தச் செலவை யார் செய்கிறார்கள்?

விதிநூல்களும் ஒரே குரலில் பேசவில்லை. ஐரோப்பிய நெறிமுறையான ஈ.என். 12620, சாதாரண ஜல்லியில் மொத்தக் கந்தகம் 1 சதவிகிதம்வரை இருக்கலாம் என்கிறது; பிர்ரோட்டைட் இருப்பது தெரிந்தால் எல்லையை 0.1 சதவிகிதமாகப் பத்தில் ஒரு பங்குக்குக் குறைத்துவிடுகிறது. அன்றைய கனடிய நெறிமுறையில், தீங்கு தரும் அளவுக்கு விரிவடையும் ஜல்லியைப் பயன்படுத்தக் கூடாது என்ற பொதுவான வாசகம் இருந்ததே தவிர, எண் எதுவும் இல்லை. எண் இல்லாத விதி, பார்ப்பவரின் தீர்ப்புக்கு விடப்பட்ட விதி. த்ருவா ரிவியேரில் அந்தத் தீர்ப்புத் தவறியது.

ஒரே குவாரி முகத்தில்கூட சல்பைடு சீராக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். துளிகள் சிறைப்பட்ட விதம் அப்படி. ஒரு தட்டில் அள்ளிய கல் சுத்தமாக இருக்கும். பத்து மீட்டர் தள்ளி வெடிவைத்தால் பழுப்புக் கறை தெரியும். மாதிரி எந்த மூலையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும்.

தீப்பாறைக்கு இந்த ஒரு குறைதான் என்றும் நினைக்க வேண்டாம். மிக வேகமாக ஆறிய எரிமலைக் கற்களில் படிகமாக நேரமில்லாமல் கண்ணாடியாகவே உறைந்துபோன சிலிக்கா இருக்கும். அது சிமெண்டின் காரத்தோடு வினைபுரிந்து களியாகி வீங்கும். கலிபோர்னியாவில் பொறியாளர் தாமஸ் ஸ்டான்டன் 1940இல் வெளிப்படுத்திய கார-சிலிக்கா வினை அதுதான். வேகமாக ஆறினால் அந்த நோய், கந்தகத்தோடு ஆறினால் இந்த நோய்.

நீதிமன்றத்தில்

வீட்டுக்காரர்கள் 2009இல் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டார்கள். அடித்தளம் போட்ட ஒப்பந்தக்காரர், கான்கிரீட் விற்றவர், குவாரி, கல்லுக்கு ஒப்புதல் தந்த நிலவியலாளர், அவர் பணியாற்றிய பொறியியல் ஆலோசனை நிறுவனம், இவர்கள் எல்லோருடைய காப்பீட்டாளர்கள் என்று ஒரு பெரும் படையே எதிரே நின்றது. கியூபெக் உயர் நீதிமன்றம் 2014 ஜூனில் தீர்ப்பளித்தது. எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் தொடுத்த வழக்குகளில் ஏறத்தாழ 16.8 கோடி கனடிய டாலர் இழப்பீடு. பொறுப்பில் 70 சதவிகிதம் நிலவியலாளர் மீதும் ஆலோசனை நிறுவனத்தின் மீதும் விழுந்தது. மீதி 30 சதவிகிதத்தைக் குவாரியும் கான்கிரீட் நிறுவனங்களும் மற்றவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் பெருமளவு இதையே உறுதிசெய்தது.

இந்தப் பங்கீடு எனக்கு நியாயமாகவே படுகிறது, சங்கடமாகவும் இருக்கிறது. கல்லை உடைத்தவனுக்குக் கல்லின் உள்ளே பார்க்கும் கண் கிடையாது. அதற்காகத்தான் நிபுணரை அழைத்துப் பணம் கொடுக்கிறான். நிபுணர் ‘போடலாம்’ என்றால் போடுகிறான். அறிக்கையில் எழுதப்படும் அந்த ஒற்றைச் சொல்லின் எடை 70 சதவிகிதம் என்று நீதிமன்றம் சொன்னது. 2000களின் தொடக்கத்திலேயே அந்தப் பகுதியில் சில அடித்தளங்கள் வெடித்து, கல்லின் மீது சந்தேகம் எழுந்திருந்தது. அதற்குப் பிறகும் ஒப்புதல் தொடர்ந்தது என்பதுதான் எடையைக் கூட்டியது.

நெறிமுறை மாறியது. 2019இல் வெளியான கனடிய நெறிமுறையின் பின்னிணைப்பு ஒன்று, சல்பைடு உள்ள ஜல்லிக்குப் படிப்படியான சோதனையை வகுக்கிறது. முதலில் மொத்தக் கந்தகம். மிகக் குறைவென்றால் கல் ஏற்கப்படும், மிக அதிகமென்றால் தள்ளப்படும். நடுவில் மாட்டிக்கொண்டால் கல்லைப் பொடித்து, ஈரப்படுத்தி, மூடிய கலத்தில் அடைத்து, கலத்தில் உள்ள ஆக்சிஜனை அது எவ்வளவு வேகத்தில் தின்கிறது என்று அளக்கிறார்கள். லவால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் த்ருவா ரிவியேர் கல்லை வைத்தே உருவாக்கிய முறை இது. சுரங்கக் கழிவுகள் அமிலமாகுமா என்று பார்க்கச் சுரங்கத் துறை ஏற்கெனவே வைத்திருந்த சோதனையை எடுத்துச் செப்பனிட்டார்கள். நிக்கல்காரனிடம் இருந்த அளவுகோல் ஜல்லிக்காரனிடம் வந்து சேர இத்தனை வீடுகள் வெடிக்க வேண்டியிருந்தது.

பல்லாவரத்திலிருந்து பார்த்தால்

சென்னைக்காரர்களுக்கு நோரைட் அந்நியமான கல் அல்ல. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்குச் சார்னகைட் என்று பெயரிட்டவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் அந்தப் பெயர். அடையாளம், அதே ஹைப்பர்ஸ்தீன். ஹாலண்ட் வகுத்த சார்னகைட் வரிசையின் கருமையான முனையில் நோரைட்டும் இடம்பெறுகிறது. எண்ணெய் தடவியதுபோல நீலச் சாயலில் மின்னும் இந்தக் கல்லின் ஜல்லியைத்தான் நாம் ‘புளூ மெட்டல்’ என்கிறோம்.

பெயரில் உறவு இருப்பதால் நோயும் இருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. சார்னகைட் பெரும்பாலும் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை, பிறப்பு வேறு. இந்த ஜல்லியில் எழுந்த கட்டடங்கள் தலைமுறை தாண்டி நிற்கின்றன. என் கவலை படிவத்தைப் பற்றியது. ஜல்லிக்கான நம் நெறிமுறையான ஐ.எஸ். 383, பைரைட் போன்ற தீய பொருள்கள் இருக்கக் கூடாது என்று வாசகமாகச் சொல்கிறது. களத்துக்கு வரும் அறிக்கையில் நசுங்கு மதிப்பு, மோதல் மதிப்பு, தேய்மானம், நீர் உறிஞ்சுதல் எல்லாம் தசம எண்ணோடு இருக்கும். கனிமங்களைப் பற்றிய வரியில் ‘இல்லை’ என்று ஒரு சொல். அது பார்த்துச் சொன்ன ‘இல்லை’யா, பார்க்காமல் சொன்ன ‘இல்லை’யா என்று கேட்டால் ஆய்வகத்தில் சிரிப்பார்கள். புதிய குவாரியின் கல்லுக்காவது ஒருமுறை மெருகிட்ட சீவலைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் எழுதிக் கேட்பதுண்டு. சல்லடையிலிருந்து கைநிறைய ஜல்லியை எடுத்து, நனைத்து, சில வாரம் வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்துப் பழுப்புக் கறை கசிகிறதா என்று பார்ப்பது எந்த நெறிமுறையிலும் இல்லை, ஆனாலும் செய்கிறேன். ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வந்த பிறகு கல் பொடியாகவும் கான்கிரீட்டுக்குள் போகிறது. பொடிக்கு மேற்பரப்பு அதிகம்.

வீட்டைத் தூக்கி நிறுத்துதல்

த்ருவா ரிவியேரில் சிகிச்சை ஒன்றே ஒன்றுதான். அடித்தளத்தையே மாற்றுவது. குடும்பம் வெளியேற வேண்டும். சுற்றிலும் தோண்டி, மரவீட்டின் அடியில் எஃகு உத்தரங்களைச் செருகி, ஜாக்கிகளால் வீட்டை அப்படியே தூக்கி நிறுத்துவார்கள். அந்தரத்தில் வீடு நிற்க, கீழே பழைய சுவரை உடைத்து அள்ளுவார்கள். புதுப் பலகை அடித்து, புதுக் கான்கிரீட் ஊற்றி, இறுகியபின் வீட்டை மெல்ல இறக்குவார்கள். நிலவறையில் இருந்த அறைகள், குழாய்கள், தோட்டம், வண்டிப் பாதை எல்லாம் போய்விடும். செலவு ஒரு லட்சம் டாலருக்கும் மேல். மாகாண அரசு உதவித் திட்டம் அறிவித்தது. கூட்டாட்சி அரசு 2016 நிதிநிலை அறிக்கையில் மூன்று ஆண்டுகளுக்கு மூன்று கோடி டாலர் ஒதுக்கியது.

கல் அதே குவாரியிலிருந்து வந்திருந்தும், நுண்ணோக்கியின் கீழ் 0.23க்குக் கீழே எண் காட்டிய வீடுகள் உண்டு. உள்ளூரில் அவற்றைச் ‘சாம்பல் பகுதி’ என்கிறார்கள். சுவரில் பிர்ரோட்டைட் இருக்கிறது என்று அறிக்கை சொல்கிறது. சட்டத்தின் எல்லையைத் தொடவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த வீட்டை நல்ல விலைக்கு வாங்க ஆள் வரமாட்டார். தூக்கி நிறுத்தக் காசும் கிடைக்காது. ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகியதும் அந்த வீட்டுக்காரர்கள் விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கி, மூலைகளைத் தடவிப் பார்க்கிறார்கள்.